பச்சை நூல், மஞ்சள் நூல்

நாற்பத்தெட்டு மணி நேரம் நான் வாயைத் திறக்கக் கூடாது. சேலத்து மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்த மூன்றாவது வாரம் எனக்குக் கிடைத்த பொறுப்பு அது. “உனக்குன்னே செஞ்ச வேலை ஆலியா” என்றார் தீர்த்தகிரி சார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஐந்து பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு தகடு. தகட்டுக்கு ஒரு பக்கம் பனமரத்துப்பட்டித் தோட்டத்து மண். மறு பக்கம் அதே மண்ணில் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் மிஞ்சிய காய்ந்த கசடைக் கலந்தது. சலித்துக் கலந்த பிறகு பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு பக்கத்துக்குப் பச்சை நூலும் மறு பக்கத்துக்கு மஞ்சள் நூலும் கட்டினேன். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தகடுகளை உருவிவிட்டு, நடுக்கோட்டில் டப்பாவுக்குப் பத்து மண்புழுக்களை விட்டு மூடினோம். புழு தோலாலேயே மண்ணை ருசி பார்க்கும். பிடிக்காவிட்டால் நகர்ந்துவிடும். எண்ணுகிறவர் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக் கூடாது என்பதால், எந்த நூல் எந்த மண் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சாருக்கும் தெரியாது. உங்களுக்கும் இப்போது சொல்வதற்கில்லை.

கசடுக்குச் சொந்தக்காரர் சகாயம்மாள் அக்கா. அரை ஏக்கரில் பூவுக்காக அரளி வைக்க இரண்டு டிராக்டர் கசடை வரவழைத்து வரப்போரம் கொட்டியிருந்தார். நிலத்தில் பாதி அவருடைய கொழுந்தனார் சவரியாருக்கு உரியது. அவருக்குக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட ஆசை. உலோகங்களுக்கான சோதனையில் கசடு தேறிவிட்டது. மிச்சம் புழுக்கள்தான். ஐம்பதில் நாற்பதுக்கு மேல் வெறும் மண் பக்கம் ஓடிவிட்டால் கசடைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கிழங்கு. இல்லாவிட்டால் அரளி. இருவரும் சார் முன்னால் பேசி ஒத்துக்கொண்டது இது.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தார்.

“சாமி, பச்சையா மஞ்சளா? வாயத் தொறக்க வேண்டாம். பச்சைன்னா ஒருக்கா இருமு.”

எனக்கு உண்மையிலேயே தொண்டை கமறியது. போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

“பொண்ணு பாக்க வந்தவங்ககிட்டயே இவ பேர் சொல்லலீங்க. உங்ககிட்டயா சொல்லப் போறா?” என்று அம்மா போனில் சிரிப்பது சமையலறை வரை கேட்டது.

வியாழக்கிழமை இருவரும் ஒரே பைக்கில் வந்தார்கள். அக்கா வேகவைத்த நிலக்கடலை கொண்டுவந்திருந்தார்.

“இது லஞ்சமுங்களா அண்ணி?”

“புழுவுக்கில்ல. உங்களுக்குத்தானுங்க. வாய்ல போட்டுக்கிட்டுச் சும்மா இருங்க.”

“அரளியே வெசம். அதுக்குச் சாக்கடைய வேற ஊத்தோணுமா?” என்ற சவரியார் டப்பாக்களைச் சுற்றி வந்தார். “பச்சைதான் சாக்கடைங்க. ஏமாத்தறதுக்குன்னே இந்தப் புள்ள பச்சை நூல் கட்டியிருக்குது. பேசாத ஆளுக்குத்தான் மூளை ஜாஸ்தி.”

என் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன்.

பதினோரு மணிக்குச் சார் தகடுகளை மறுபடி இறக்கினார். முதல் டப்பாவின் இரு பக்கத்து மண்ணையும் தனித்தனித் தட்டில் கொட்டி விரலால் கிளறி எண்ணினார். மஞ்சள் எட்டு, பச்சை இரண்டு. அடுத்தது மஞ்சள் ஒன்பது. பிறகு எட்டு. பிறகு மறுபடி ஒன்பது.

“பாத்தீங்களா அண்ணி. பச்சைப் பக்கம் தலை வெச்சே படுக்கல” என்றார் சவரியார்.

ஐந்தாவதில் மஞ்சளில் ஏழு, பச்சையில் இரண்டு. ஒன்று தகட்டுக்கு அடியில், இரண்டு பக்கமும் உடம்பை நீட்டிக்கொண்டு கிடந்தது.

“இது யாரு கட்சிங்க?” என்றார் அக்கா.

“பக்கத்துக்கு அரை” என்றார் சார். “விதியே அப்படித்தான்.”

“அரைப் புழுவுக்கும் ஓட்டு இருக்குதா!”

மஞ்சள் நாற்பத்தொன்றரை. பச்சை எட்டரை.

சவரியார் கைநிறையக் கடலையை அள்ளிக்கொண்டார். “நாளைக்கே கெழங்குக் குச்சிக்குச் சொல்லிடறேனுங்க.”

“சொல்லுங்க.” அக்கா மஞ்சள் பக்கத்துப் புழுக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு நடை டிராக்டரு. அந்த நாத்தத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரங்க பேசுன பேச்சு வேற. சரி, உடுங்க. புழு பொய் சொல்லாது.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

எண்ணி முடித்தாயிற்று, இனி நான் சொல்லலாம். சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

“என்னம்மா?” என்றார் சார். நான் மேசை மேல் பேனாவைத் தேடினேன். அவர் அதை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டார். “எழுத வேண்டாம். அவங்க காதுல விழணும்.”

அக்கா வாசற்படியில் நின்று திரும்பினார். சவரியார் மெல்லுவதை நிறுத்தினார். நான் மாஸ்க்கைக் கழற்றினேன்.

“அக்கா, போகாதீங்க. மஞ்சள் நூல் பக்கம்தான் கசடு.”