தச்சர் வீட்டு வாசல் ஒடுங்கிய கதை

தச்சர் வீட்டு வாசல் ஒரு மழைக்காலத்தில் ஒடுங்க ஆரம்பித்தது. அந்த வருஷம் மர விலையும் ஆணி விலையும் ஒன்றாக ஏறியிருந்ததால், சிக்கனம் போலிருக்கிறது என்று தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் கண்டுபிடித்தது தச்சரின் மனைவி. வழக்கமாக இடுப்பில் வைத்துக் கொண்டுவரும் துணிக்கூடை அன்று கதவு நிலையில் இடித்தது. மரம் என்றால் மழைக்கு ஊதத்தான் செய்யும் என்று தச்சர் சொல்லி, இழைப்புளியை எடுத்துக் கதவின் ஓரத்தைச் சீவிவிட்டார். மறுநாள் கூடை மறுபடியும் இடித்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். நிலை நேராக இருந்தது, சுவர் நேராக இருந்தது, கதவு சத்தமில்லாமல் மூடியது. கீல், தாழ்ப்பாள் எல்லாமே துவைத்த சட்டை சுருங்குவதுபோல ஒன்றாகச் சுருங்கியிருந்தன. கொத்தனார் வந்து நிலைக்குப் பக்கத்தில் சுவரை இடித்தார். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சுவர் மூடிக்கொண்டது. இடித்ததற்கு மட்டும் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தச்சரின் ஒரே மகள் நர்ஸ். கப்பலில் போக வேண்டிய ஒரு தீவில் இருக்கும் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்துதான் வாசல் இப்படி ஆனது. அங்கே போன நர்ஸுகளில் பலர் படுக்கையில் விழுந்திருந்தார்கள், ஒருத்தி திரும்பவே இல்லை. அன்று சாயங்காலம் தச்சர் கட்டிலருகே முழங்கால்படியிட்டார். அவருடைய ஜெபத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தொழிலில் அவருக்குப் பிடிக்காத வாடிக்கையாளர் ஒரே ஒரு ரகம்தான்: பத்திரிகையிலிருந்து படத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, இதேபோல வேண்டும் என்று நிற்பவர்கள். முதலில் சுவர் என்ன சொல்லுதுன்னு பாக்கணுங்க என்பார். நேரில் போய் அளவெடுக்காமல் ஒரு சட்டத்தைக்கூட அறுக்க மாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஆண்டவரிடம் போகும்போது மட்டும் படத்தோடுதான் போவார். மகளுக்கு உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே வேலை, அதுவும் பகல் வேலை, மாப்பிள்ளை அடுத்த தெருவைத் தாண்டக் கூடாது, தச்சு வேலை தெரிந்தவனாக இருந்தால் நல்லது என்று ஒன்றுவிடாமல் சொல்வார். ஆண்டவரும் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர்தானே, அளவோடு சொன்னால் அவருக்கும் சுலபம் என்பது தச்சரின் எண்ணம். ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தையும் தினமும் சொல்வார், ஆனால் உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக என்று வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுவார். சுருக்கமாகச் சொன்னால் அவர் கேட்டது இதுதான்: இவள் இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது.

வாசல் நாளுக்கு நாள் இளைத்தது. மகளின் டிரங்குப் பெட்டி வெளியே போகாது என்றானது. தச்சரின் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. அவருடைய உடம்பைப் பார்த்துத் தெருவே அவரை பீரோ என்றுதான் கூப்பிடும். அக்காவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு மதியம் வந்தவர், சாப்பிட்டு எழுந்தபோது வெளியே போக வழியில்லை. அங்கேயே தங்கிவிட்டார். அரிசி காலியானதே தவிர, அவர் முகத்தில் கவலையைக் காணோம். போதகர் வந்தார், வாசலைப் பார்த்தார், ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று ஜெபித்துவிட்டு, இந்த வீட்டில் யாரோ மிகவும் உருக்கமாக ஜெபிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தச்சர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வாசல் ஒடுங்குவது தன் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்பது அவருக்கு அப்போதே புரிந்துதான் இருந்தது. உள்ளூர சந்தோஷமாகவும் இருந்தது.

கப்பல் கிளம்பும் நாள் வந்தது. காலையில் தச்சர் பக்கவாட்டில் நெளிந்து, ஒரு சட்டைப் பொத்தானை நிலையில் பறிகொடுத்துப் பட்டறைக்குப் போனார். மதியம் திரும்பியபோது வாசல் ஒரு கையகலம்தான் இருந்தது. தோளை நுழைத்துப் பார்த்தார், முழங்கையோடு நின்றுவிட்டது. மகள் வீட்டைவிட்டுப் போகக் கூடாது என்று அவர் கேட்டது சொன்ன அளவுக்கு அப்படியே நடந்திருந்தது. மகள் உள்ளே இருந்தாள். அவர் தெருவில் நின்றார்.

மகள் இடுக்கு வழியாகப் பார்த்தாள். அவளுடைய ஒரு கண்ணும் பாதி உதடும் மட்டும் தெரிந்தன. இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கேட்காத ஒன்றைத் தச்சர் அப்போது கேட்டார்.

"நீ என்னன்னும்மா ஜெபம் பண்றே?"

"போகட்டுமா வேண்டாமான்னு கேட்டேன்ப்பா. போன்னுதான் மனசுல வந்துகிட்டே இருக்கு. எனக்கும் பயம்தான். வேண்டாம்னு சொல்லிடுங்கன்னு கெஞ்சிக்கூடப் பாத்தேன். சொல்லல."

பயம் தனக்கு மட்டும்தான் என்று தச்சர் இதுவரை நினைத்திருந்தார். கைப்பழக்கத்தில் டேப்பை எடுத்து அந்த இடுக்கின் மேல் வைத்தவர், அப்படியே நின்றார். அடுத்தவர் வீட்டுச் சுவரிடமெல்லாம் அளவு கேட்ட ஆள், சொந்த மகள் விஷயத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, பட்டப்பகலில், சட்டையில் மரத்தூளோடு, தெருவிலேயே முழங்கால்படியிட்டார். ஒரு பஸ் அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஆண்டவரே, இவ எங்கூடவே இருக்கணும். அதுதான் என் ஆசை, உம்மகிட்ட ஒளிக்கல. ஆனா இத்தனை நாளா அளவையும் நானே சொல்லிட்டு, அறுக்கறத மட்டும் உம்மகிட்ட விட்டிருந்தேன். இனிமே அளவை நீர் சொல்லும். அறுக்கறதோ தூக்கறதோ, எதுவானாலும் நான் கூட நிக்கறேன்."

சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் ஜெபித்தபோது ஆண்டவரும் முதலில் தன் ஆசையைச் சொல்லிவிட்டுத்தான் பிதாவின் சித்தத்துக்கு எழுந்துபோனார் என்பது அப்போதுதான் தச்சருக்கு உறைத்தது. தோற்றுப்போனதாக அவருக்குத் தோன்றவில்லை. கனமான கதவைத் தனியாகச் சுமந்துகொண்டு போகும்போது யாரோ மறுமுனைக்குத் தோள் கொடுத்ததுபோல இருந்தது. கண்ணைத் திறந்தபோது வாசல் அகன்றிருந்தது. முதலில் வெளியே வந்தவர் பீரோதான்; உடம்பைத் திருப்பாமல் நேராக நடந்துவந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு தச்சர் உள்ளே போய் டிரங்குப் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்.

மகளுக்கு இரண்டாம் வருஷம் காய்ச்சல் கண்டது. போனில் செய்தி வந்ததும் தச்சரின் மனைவி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தாள். தச்சர் மகள் பிழைக்க வேண்டும் என்று கேட்டார். வாய்விட்டு, தயங்காமல், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கேட்டார். முடிவில் அளவு உம்முடையது என்றார். நிலை ஒரு நூல்கூட அசையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் மனைவி போய் அடுப்பைப் பற்றவைத்தாள். மகள் பிழைத்தாள். சரி, இனி ஊருக்கு வந்துவிடுவாள் என்று தச்சர் கணக்குப் போட்டிருக்க, புதிதாக வந்த நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்றாள் மகள். அன்று சாயங்காலம் துணிக்கூடை நிலையில் இடித்தது.

"என்னங்க, மறுபடியும் அளவு சொல்றீங்களா?" என்று மனைவி வாசலிலிருந்தே கேட்டாள். தச்சர் திரும்பவும் முழங்கால்படியிட்டார்.

இன்றும் எப்போதாவது வந்துபோகிறவர்கள் அந்த வாசலைப் பார்த்துவிட்டு, போனமுறை பார்த்த அகலம் இல்லையே என்பார்கள். மரம் என்றால் கொஞ்சம் அசையத்தான் செய்யும் என்று தச்சர் சொல்லிவிடுவார். இழைப்புளியை அந்தப் பக்கம் அவர் கொண்டுபோவதில்லை. மகள் லீவுக்கு வருகிறாள், போகிறாள். அவள் கிளம்பும் நாளில் டிரங்குப் பெட்டியின் ஒரு முனையை அவர் பிடிக்கிறார், மறுமுனையை அவள் பிடிக்கிறாள். இருவரும் பக்கவாட்டில் திரும்ப வேண்டியிருப்பதில்லை.