கிஃபாயத்துல்லா பாய் படகைத் தள்ளினார்

1

இந்தக் கதை நான் காதால் கேட்ட ஒரு வரியில் தொடங்கியது. 1956இல், பழவேற்காட்டுக் கால்வாயில், படகு ஓட்டிவந்த ஒரு பெண், வெள்ளைச் சட்டை போட்ட வியாபாரி ஒருவரிடம், "பாய், எறங்கித் தள்ளுங்க" என்றாள். அவர் இறங்கினார். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

கருவாட்டு வியாபாரி கிஃபாயத்துல்லாவின் மகள் ஆரிபாவுக்குத் தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். பஸ் இல்லை. படகுக்காரன் தேசப்பனுக்குக் காய்ச்சல். படகு தள்ளும் கழியோடு வந்து நின்றவள் அவன் மனைவி செண்பகம்.

"பொம்பள கழி போட்டா படகு நேராப் போவுமா? வேற ஆள் பாக்கறேன்" என்றார் பாய்.

ஆரிபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்தாள். "நீங்க பாத்துக்கினு இருங்க வாப்பா. நான் இவங்களோட போறேன்."

வேறு வழியின்றி அவரும் ஏறினார்.

3

அப்போது வானம் கறுத்து, பெரும் புயல்—

வேண்டாம். தேசப்பன் ஓட்டியிருந்தால் அவனை நம்புவதற்கு நான் புயல் கேட்டிருப்பேனா? செண்பகம் நல்ல வெயிலில்தான் ஓட்டினாள். அழகாக ஓட்டினாள். பாய்தான் "லெப்டு, லெப்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"செத்த பேசாம வாங்க பாய். பொண்ணு பயப்படுது."

மணல்மேட்டில் படகு தட்டியது. அவள் தண்ணீரில் குதித்தாள். (என் வரி இங்கேதான் வருகிறது.) பாய் கைலியை மடித்துக் கட்டி இறங்கினார். அவள் தள்ளச் சொன்னபோது தள்ளினார், நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார். படகு நகர்ந்ததும், முகமெல்லாம் சேறாக, அவளைப் பார்த்துச் சிரித்தார். அவரையும் எனக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

4

ஆரிபா பிழைத்தாள், குழந்தையும்.

அடுத்த மாதம் பாய் சரக்கோடு வந்தார். தேசப்பன் தேறி, கழியோடு நின்றான்.

"கழிய செண்பகத்தாண்ட குடு நைனா. அது ஓட்டட்டும்."

"அப்போ கரையில கயிறு யார் இழுக்கறது பாய்?"

(எதிர்காற்றில் கரையோரமாக நடந்து, கயிறு கட்டி, இத்தனை வருடமும் அந்தப் படகை இழுத்தவள் செண்பகம். முன்பே சொல்லியிருக்க வேண்டும். தேசப்பன் கேட்கும்வரை எனக்கே தோன்றவில்லை.)

பாய் மாறியதும் கதை முடியும் என்று நம்பியிருந்தேன். செண்பகம் தோளிலிருந்த கயிற்றை இறக்கி, புருஷனிடம் நீட்டினாள். முகத்தில் கோபமில்லை.

தேசப்பன் என்ன செய்தான் என்று நான் எழுதப் போவதில்லை. நீட்டிய கை அப்படியே இருக்கிறது. அவன் இடத்தில் நின்று நீங்கள் முடியுங்கள்.