நைஸ் என்ற சொல்லின் பூர்வீகம்

ஆங்கிலம்–தமிழ் அகராதி அலுவலகத்தில் நான்கு வருடமாகத் துணைப் பதிப்பாசிரியராக இருந்தவள், மூன்று வாரம் ‘நைஸ்’ என்ற ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினாள். லத்தீனில் ‘அறியாதவன்’ என்று பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் ‘முட்டாள்’ என்று நுழைந்து, கூச்சக்காரன், நுணுக்கம் பார்ப்பவன் என்றெல்லாம் வேஷம் மாற்றி, கடைசியில் ‘இனிமையானவன்’ ஆகிவிட்ட சொல். பதினோரு பக்கம் எழுதி முதன்மைப் பதிப்பாசிரியரிடம் கொடுத்தாள்.

அவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “வெள்ளிக்கிழமை கூட்டத்துல நான் இதையே பேசிடறேம்மா. பேரெல்லாம் எதுக்கு? எல்லாரும் சேர்ந்து செய்யற வேலைதானே!”

வீட்டில் தங்கை பொரிந்து தள்ளினாள். “நீ வாயே திறக்க மாட்டே. அதான் உன் தலையிலயே மிளகாய் அரைக்கறாங்க.”

வெள்ளிக்கிழமை மேடையில் பதிப்பகத்தின் முதலாளி நடுநாயகமாக வீற்றிருந்தார். “நம்ம முதலாளி மாதிரி நைஸான மனுஷரை நான் பார்த்ததே இல்லை” என்று பதிப்பாசிரியர் ஆரம்பித்ததும் கைதட்டல். அதே சூட்டில் முதல் பக்கத்தை வாசித்தார். “இந்தச் சொல்லின் ஆதிப்பொருள்... அறிவிலி.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அவர் அவசரமாக அடுத்த பக்கத்துக்குத் தாவினார். அங்கே ‘மடையன்’ இருந்தது.

“சார், இது நான் எழுதினதே இல்ல!” என்று அலறினார். “அதோ, அந்தம்மா எழுதினது. முழுக்க முழுக்க அவங்கதான்!”

அவளுடைய உழைப்பு சபையறிய அங்கீகரிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

முதலாளி அவளை மேடைக்கு அழைத்தார். அவள் ஏறினாள்.

“அப்போ இவர் என்னை எந்த அர்த்தத்துல நைஸ்னு சொன்னாரும்மா?”

“அது லத்தீன்லயும் இல்ல, இங்கிலீஷ்லயும் இல்ல சார்” என்றாள். “தமிழ்ல நைஸ் பண்றதுன்னு ஒண்ணு இருக்கே, அதுதான்.”

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் பெயரை அகராதியின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்லி அங்கேயே உத்தரவிட்டார்.

சொன்னபடியே அச்சாகி வந்தது. தன் பெயரை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, ‘நைஸ்’ இருந்த பக்கத்தைத் திறந்தாள். ‘இனிமையான, நல்ல’ என்று ஒற்றை வரி. மற்றதெல்லாம் போயிருந்தது.

“முதலாளியே போன் பண்ணி எடுக்கச் சொன்னாரு மேடம்” என்றார் பிரதியைக் கொண்டுவந்த அச்சகக்காரர். “உங்க பேரு இருக்கற பக்கத்துல மட்டும் கை வைக்கக் கூடாதுன்னும் சொன்னாரு.”

அவளுக்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. நன்றிக் கடிதம் எழுத உட்கார்ந்தவள், முதல் வரியைத் தாண்டவே இல்லை.