பதினெட்டுக்கு இரண்டு மதிப்பெண்

1

இந்தக் கதையை அக்காவிடமிருந்து சுட்டேன். அவள் வேதியியல் ஆசிரியை. விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து வந்தவள், செருப்பைக் கழற்றுவதற்குள் மொத்தத்தையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். நான் காகிதத்தை எடுத்து, ‘தனிமங்களைப் போலவே மனிதர்களும்...’

(அடித்துவிட்டேன். தனிமங்கள் அவ்வளவு மோசமில்லை.)

2

கேள்வி: ஒரு தனிமத்தின் வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள். நிறமற்ற வாயு. எதனோடும் வினைபுரியாது. தனிம வரிசை அட்டவணையில் அது எந்தத் தொகுதி? காரணம் கூறு.

விடைக்குறிப்பு: இரண்டாம் தொகுதி.*

ஒரு மாணவி எழுதியிருந்தது: ‘பதினெட்டு. இது ஹீலியம். இருப்பதே ஒரு கூடுதான், அது இரண்டிலேயே நிரம்பிவிட்டது. அதனால்தான் எதனோடும் சேராது.’

அக்கா இரண்டு மதிப்பெண் போட்டாள். கூட்டிப் பார்த்தால் மயிரிழையில் தேர்ச்சி. அந்த இரண்டை எடுத்தால் பெண் ஃபெயில்.

* குறிப்பு தயாரித்தவர் எலக்ட்ரானை எண்ணியதும் டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். இரண்டாம் தொகுதியில் இருப்பதெல்லாம் உலோகம். மருந்துக்குக்கூட ஒரு வாயு கிடையாது.

3

முதன்மைத் தேர்வாளர் வந்தார். (அவரைக் கொஞ்சம் நல்லவராக எழுதிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

“என்னம்மா இது? ஆன்சர் கீயில ரெண்டுன்னு இருக்கு, நீங்க பதினெட்டுக்கு மார்க் போட்டு வச்சிருக்கீங்க?”

“அது ஹீலியம் சார். பதினெட்டுதான்.”

“எனக்கு முப்பது வருஷ சர்வீஸ்.”

“ஹீலியத்துக்கு அதைவிட ஜாஸ்தி சார்.”

பக்கத்து மேசையில் யாரோ அவசரமாக இருமினார்கள்.

“கீயில என்ன இருக்கோ அதுதான் கெமிஸ்ட்ரி. அடிச்சிட்டு முட்டை போடுங்க.”

“நான் அடிக்க மாட்டேன். வேணும்னா நீங்களே அடிங்க சார். ஆனா மார்க்கை மாத்தினவங்கதான் பக்கத்துல கையெழுத்துப் போடணும். காலையில எல்லாருக்கும் நீங்க படிச்சுக் காட்டின ரூல்தான்.”

அவர் பேனா மூடியைத் திறந்தார்.

4

முடிவு அ: தேர்வாளர் தவறை உணர்ந்து வருந்துகிறார். (சிரிக்காதீர்கள், எழுதிப் பார்த்தேன், அவ்வளவுதான்.)

முடிவு ஆ: பிற்காலத்தில் அந்த மாணவி உலகமே வியக்கும் விஞ்ஞானியாகி...

வேண்டாம். தேர்ச்சி பெற அவள் மேதையாக வேண்டிய அவசியமில்லை. சரியாக எழுதினாள். போதும்.

நடந்ததை அக்கா சொன்னாள். நான் சொல்வதாக இல்லை. சொன்னால் “அடப்பாவமே” என்றோ “சபாஷ்” என்றோ முனகிவிட்டு அடுத்த பக்கம் புரட்டிவிடுவீர்கள். விடைத்தாளை உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். பேனாவும் இருக்கிறது. அந்த இரண்டை அடிக்க விரும்புகிறவர்கள் தாராளமாக அடிக்கலாம்.

பக்கத்தில் கையெழுத்து. கிறுக்காமல், அந்தப் பெண் படிக்கும்படி.