கையை விடு

சலூனில் கத்தரிக்கோலைவிட அவன் வாய்தான் அதிகம் ஓடும் என்பதால் எல்லாரும் அவனை ரேடியோ என்றார்கள். அந்த ரேடியோ போய்க் காது கேட்காத பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தபோது சிரிக்காத ஆளில்லை. “உன் தொல்லை இல்லாம நிம்மதியா வாழப்போறவ அவ ஒருத்திதான்டா” என்று சவரத்துக்கு உட்கார்ந்தவர்கள் கிண்டலடித்தார்கள். வீட்டில் கதையே வேறு. பகலெல்லாம் தையற்கடையில் காஜா எடுத்த அவள் கை, சாயங்காலம் ஆனால் அன்றைக்கு நடந்த அத்தனையையும் கொட்டித் தீர்க்கும். அவன் குறுக்கே ஒரு வார்த்தை சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கையால் பேச அவனுக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான்.

பிள்ளை உண்டானதும் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். சின்ன வயதில் குடல்வால் அறுவைக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. முகத்தை மூடிய சிலர் தள்ளிக்கொண்டு போனார்கள். கண் விழித்தால் வயிற்றில் தையல். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்கிறவளுக்கு உதட்டை மூடிவிட்டால் என்ன மிஞ்சும்? அதனால் பிரசவ அறையில் அவன் கூடவே இருக்க வேண்டும், நல்லதோ கெட்டதோ அங்கே சொல்வதை எல்லாம் அவளுக்கு அப்படியே சொல்ல வேண்டும் என்றாள். அவனும் வாக்குக் கொடுத்தான்.

வலி எடுத்து வந்த அன்று, பிரசவ அறை வாசலில் தலைமை நர்ஸ் கையை நீட்டி அவனைத் தடுத்தாள்.

“ஆம்பளைங்க உள்ளே வரக் கூடாது.”

“நான் ஆம்பளையா வரல சிஸ்டர். அவ காதா வர்றேன்.”

“நாங்க எழுதிக் காட்டிக்கறோம்.”

“வலியில துடிக்கிறவ உங்க எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிச்சுக்கிட்டு இருப்பாளா?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. அம்மா இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவளும் அவள்தான். “வாடா இந்தப் பக்கம், மானத்தை வாங்காதே. பொண்டாட்டி பெத்துக்கறதை எவனாவது உள்ளே போய் நின்னு பார்ப்பானா?”

அவன் போகவில்லை. கதவுக்கு நடுவில், மனைவி படுத்திருந்த தள்ளுவண்டியின் சக்கரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். “என்னை ஏத்திக்கிட்டுத்தான் வண்டி போகணும்” என்றான். நர்ஸ் போட்ட சத்தத்தில் டாக்டரம்மா வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். அவளுக்குச் சண்டை போட நேரமில்லை.

“கையைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. மயக்கம் போட்டு விழுந்தா யாரும் தூக்க மாட்டோம், தாண்டிக்கிட்டுப் போவோம்.”

உள்ளே அவன் முகத்துக்கும் ஒரு முகமூடியைக் கொடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், அவள் பார்வைக்கு நேராக நின்றுகொண்டு, டாக்டர் பேசப் பேசக் கையால் சொல்லிக்கொண்டே வந்தான். நர்ஸுக்கு அது பிடிக்கவில்லை. “சும்மா கையை ஆட்டிக்கிட்டு! அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, அது போதும்” என்றாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, பெரிய வலி ஒன்று வந்தது. மனைவி எட்டி அவன் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இப்ப முக்கக் கூடாது, சொல்லுங்க!” என்றாள் டாக்டர்.

“முக்காதே! முக்காதே!” என்று கத்தினான் ரேடியோ. முகமூடிக்குள்ளிருந்து, காது கேட்காதவளிடம், தொண்டை கிழியக் கத்தினான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு முக்கினாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சட்டென்று இரண்டு கையையும் அவள் பிடியிலிருந்து பிடுங்கினான்.

“கல்நெஞ்சக்காரன்! பொண்டாட்டி கையை இப்பவா உதறுவான்?” என்றாள் நர்ஸ்.

மனைவியின் கண்ணிலும் ஒரு நொடி அந்தக் கேள்வி வந்து போனது. அவன் தன் சட்டையை இழுத்து அவள் கையில் திணித்தான். இதைப் பிடி, கிழித்தாலும் கிழி, கை எனக்கு வேண்டும் என்றான் கையால். முக்காதே என்றான். அவள் நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரின் பேச்சு தணிந்தது. காது கேட்காதவளுக்குக் கேட்டுவிடப்போகிறதே என்பதுபோல் அவனிடம் மெல்லச் சொன்னாள். “குழந்தையோட துடிப்பு குறையுது. சீக்கிரம் வெளியே எடுத்தாகணும். இதை அவகிட்ட சொல்லித் தொலைக்காதீங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுங்க.”

அவன் கை நின்றுவிட்டது. சொல்லாமல் விட்டுவிடத்தான் அவனுக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் கை நின்றதை அவள் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். முகத்தை மூடிய இத்தனை பேருக்கு நடுவில் தானும் ஒரு முகமூடிக்காரனாகிவிடுவோமோ என்று நினைத்தபோது, பயத்தை மீறி அவனுக்குக் கோபம் வந்தது. சொன்னான். ஒன்றையும் குறைக்காமல் அப்படியே சொன்னான்.

“யோவ்!” என்று பதறினாள் நர்ஸ்.

மனைவியின் முகம் வெளுத்தது. உயிரோடு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அடுத்து அவள் கேட்டதை அவன் உரக்கச் சொன்னான்.

“மேடம், தான் என்ன செய்யணும்னு கேக்கறா. அவகிட்டயே சொல்லுங்க.”

டாக்டர் ஒரு கணம் அவனை முறைத்தாள். பிறகு அவனை விட்டுவிட்டு, முதல் தடவையாக மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். இடது பக்கம் ஒருக்களித்துப் படு, மூச்சை இழுத்து விடு, அடுத்த வலிக்கு உன்னிடம் இருக்கும் பலம் முழுவதையும் கொடு. அவன் கை ஒவ்வொன்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவள் சொன்னபடி செய்தாள். சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றிக்கொண்டு ஒரு பெண் குழந்தை வெளியே வந்து, கொடியை எடுத்ததும் வீல் என்று கத்தியது. அழுகிறாளா என்று கேட்டாள் அவள். ஆஸ்பத்திரியே அலறுகிறது என்று சொல்லிவிட்டு, அவன் வெட்கமில்லாமல் தேம்பித் தேம்பி அழுதான்.

வார்டுக்கு வந்ததும் அக்கா குழந்தையைக் கொஞ்சினாள். கொஞ்சிக்கொண்டே இருந்தவள், தூங்கும் குழந்தையின் காதருகே போய்ப் பட்டென்று கை தட்டினாள். குழந்தை அசையவில்லை. இன்னொரு தடவை தட்டினாள். அதற்கும் அசையவில்லை.

“போச்சுடா” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் அக்கா. “அப்பவே சொன்னேன், கேட்டியா? இதுவும் அவளை மாதிரியே...”

என்ன சொல்கிறாள் என்று மனைவி கேட்டாள்.

“இப்பத்தான் பெத்துட்டு வந்திருக்கா. பச்ச உடம்புக்காரிகிட்ட இதையெல்லாம் சொல்லாதே” என்றாள் அக்கா.

அவன் சொன்னான். மனைவி குழந்தையை மடியில் சாய்த்து இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டாள். பதில் நீளமாகத்தான் வந்தது. அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவன் அவன். கல்யாணத்தைக்கூடச் சண்டை போடாமல், சொல்லாமல் கொள்ளாமல்தான் முடித்தான். இப்போது எழுந்து நின்று, மனைவி கையால் சொன்னதில் ஒரு சொல்லும் விடாமல் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

“இவளுக்குக் காது கேட்டா கேக்கட்டும், கேக்கலைன்னா போகட்டும். இவகிட்ட பேச இந்த வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம். பேசத் தெரியாதது உங்களுக்குத்தான். இனிமே எம்பொண்ணு பக்கத்துல கை தட்டாதீங்க. அந்தக் கையை வச்சுக்கிட்டுப் பேசக் கத்துக்கிட்டு வாங்க.”