உத்தரவு எண் 4112

உலகப் போர் முடிந்த கையோடு அந்த நாட்டிலும் தேர்தல் வைத்தார்கள், ஒரே ஒரு முறை. வாக்குப்பெட்டிகளை ஏற்றிய லாரி, எண்ணும் இடத்துக்குப் போகாமல் நேரே அரண்மனைக்குள் நுழைந்தது. லாரியை ஓட்டியவர் ஆட்சியில் உட்கார்ந்தார். பெட்டிகளை இன்றுவரை யாரும் திறக்கவில்லை. அதிபர், பிரதமர் என்பதெல்லாம் அவருக்கு வாயில் நுழையாததால், 'தேசத்தின் ஓட்டுநர்' என்று பதவிக்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

நாற்பத்தோரு வருடம் ஓட்டிவிட்டு அவர் போன மாதம் கண்ணை மூட, பல் டாக்டரான மகள் பொறுப்பேற்றாள். பதவியேற்பில் பழைய லாரியின் ஸ்டீயரிங்கைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். கூட்டம் கண்ணீர் விட்டது. அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

இன்று காலை செயலாளர் நீட்டிய பட்டியலில், நாளை தூக்கிலிடப்பட வேண்டியவர் ஒருவர். அவளுடைய கிளினிக்கின் கம்பவுண்டர். டாக்டரின் கோழிக்கிறுக்கலைப் பதினெட்டு வருடமாகப் படித்து மருந்து கொடுத்த ஒரே ஆள். தலைவரின் பல்செட்டைக் கழுவும்போது, "இவருக்கு லாரியில ஏறத் தெரிஞ்சுது, இறங்கத்தான் தெரியலை" என்று சொல்லிவிட்டார். பல்செட் சிரித்ததோ இல்லையோ, பக்கத்தில் நின்ற காவலர் சிரிக்கவில்லை. எச்சரித்து விட்டுவிடுவோம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"இதை ரத்து பண்ணுங்க சார்."

"முடியாதும்மா. முன்னவர் போட்ட பாதையில பின்னவர் வண்டியைத் திருப்பக் கூடாது. அப்பா போட்ட சட்டம்."

"அப்பா எங்க சார் போட்டாரு? கடைசி ரெண்டு வருஷம் அவருக்குக் கரண்டி பிடிக்கவே கை வரலை. நீங்க கட்டுக்கட்டாக் கொண்டுவந்து வெச்சீங்க, நான்தான் அவர் மாதிரியே கையெழுத்துப் போட்டேன்."

"படிச்சுப் பார்த்தீங்களா?"

அப்போதெல்லாம் கிளினிக்கில் நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருப்பார். இவள் ஓடிவந்து பத்து நிமிடத்தில் அறுபது தாளை முடித்துவிட்டு ஓடுவாள்.

"இது கடைசி உத்தரவும்மா," என்றார் செயலாளர். "இதுல கையெழுத்துப் போட்டுட்டு, புன்னகையோட உயிரை விட்டாருன்னு கெஜட்லயே வந்தாச்சு. மூணாம் வகுப்புல பாடமா வெச்சிருக்கோம். மூலப்பிரதி அருங்காட்சியகத்துல கண்ணாடிப் பெட்டியில இருக்கு."

"அது என் கையெழுத்துன்னு நானே ரேடியோவுல சொல்றேன்."

"தாராளமா." செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். குரலில் பாசம் குறையவில்லை. "4112 செல்லாதுன்னா 4111-ம் செல்லாது. உங்களை வாரிசாக்கினது அதுதான். அதையும் நீங்கதானே போட்டீங்க? அப்புறம் கம்பவுண்டருக்குப் பக்கத்து அறை உங்களுக்கு. யோசிங்க பாப்பா. அவரோட மனைவி வெளிய காத்திருக்காங்க, பார்த்துட்டு முடிவு பண்ணுங்க."

கம்பவுண்டரின் மனைவி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். சுவரில் மாட்டியிருந்த ஸ்டீயரிங்கை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அழுது முடித்த முகம்.

"நேத்து பார்த்துட்டு வந்தேம்மா. உத்தரவு நகலைக் கொடுத்திருக்காங்க. பார்த்ததும் சிரிச்சாராம். 'அடியே, இது டாக்டரம்மா கை. கடைசிச் சுழி அவங்களோடது, எனக்குத் தெரியாதா? அவசரத்துல போட்டிருப்பாங்க. போய் ஞாபகப்படுத்து, மாத்திடுவாங்க'ன்னு அனுப்பினாரு. ராத்திரி நல்லாத் தூங்கினாராம்."

கதவருகே செயலாளர் கைகட்டி நின்றார். மேசையில் ரேடியோ நிலையத்துக்கான தொலைபேசி, கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"இல்லைம்மா," என்றாள். "அது அப்பா போட்டதுதான்."

அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"அப்படியாம்மா. பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் தப்பாப் படிச்சிருக்காரு. சொல்லிடறேன்."