கூலிக்குப் பதில் ஹெலிகாப்டர்

1

பதினெட்டாயிரத்து நானூறு. இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. இந்தத் தொகையில் பிறந்தது. எங்கள் லாரி யார்டு காண்ட்ராக்டர், கைகாட்டி என்று நாங்கள் கூப்பிடுகிறவனுக்குத் தர வேண்டிய ஓவர்டைம் கூலி அது. அதைக் கேட்கப் போனவனுக்கு அவர் ஒரு ஹெலிகாப்டரைக் கொடுத்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்தி வானம் செந்நிறம் பூசிக்கொண்டிருந்த வேளையில், ஏழைத் தொழிலாளி ஒருவன்—" அடித்துவிட்டேன். எந்த வானம்? யார்டில் தலையைத் தூக்கினால் தகரக் கூரை. அடுத்து: "கூலி என்பது வியர்வையின்—" அதையும் அடித்தேன். வியர்வையைப் பற்றி உருகுகிறவர்கள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் உருகுகிறார்கள். நான் அதே யார்டில் மூட்டை தூக்குகிறவன். எழுத்து நாற்பதுக்கு மேல்தான் கைக்கு வந்தது. ஒரு வரியை அடித்தால் எனக்கு வலிக்கும். வலித்தாலும் பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

ஆகவே நடந்ததே தொடக்கம். காண்ட்ராக்டர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை மேசைமேல் தள்ளினார்.

"பையனுக்கு வாங்கினது. ரெண்டு நாள் நோண்டிட்டுப் போட்டுட்டான். இதோட விலை முப்பதாயிரம், தெரியுமா? உனக்கு லாபம்தான்யா."

"எனக்குக் காசு வேணும் சார்."

"இதுவும் காசுதான். வித்துக்கோ. கணக்கு தீந்துச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடு."

கைகாட்டி போட்டான். (ஏன் போட்டான் என்று கேட்கிறவர்களிடம் 'நாளைக்கு வேலைக்கு வராதே' என்று யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. அவர்களுக்காக நான் இங்கே நிற்கப் போவதில்லை.)

2

கைகாட்டி என்பது பட்டப்பெயர். குறுகலான யார்டுக்குள் லாரி நுழையும்போது அதன் மூக்குக்கு எதிரே நின்று, பின்வாங்கிக்கொண்டே, "லெஃப்ட்ல ஒடிங்க... இன்னும்... போதும், நேரா வாங்க" என்று டிரைவரை உள்ளே இழுத்து வருவது அவன் வேலை. ஒரு விரலால் பத்து டன்னை நகர்த்துவான். அவனுக்கு அந்தப் பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போவதற்குள் தோள் விட்டுப்போயிற்று. கனம் பெட்டியில் இல்லை.

அவன் மனைவி பெட்டியைத் திறந்தாள். நீளமான இரண்டு இறக்கைகள், வாலில் ஒரு குட்டி இறக்கை, இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ரிமோட்.

"கூலி கேட்டா பொம்மையா? வீட்டுக்காரர் வாடகைக்கு வந்தா என்ன செய்யப் போறீங்க? அவரு தலைக்கு மேல சுத்தவிட்டு அனுப்பப் போறீங்களா?"

"வித்துடலாம்."

"யாருக்கு? உங்களை மாதிரி இன்னொருத்தன் கெடைக்கணுமே!"

இந்த மாதிரிப் பொருள்களை வாங்கி விற்கும் கடைக்காரர் ஒருவர் கிடைத்தார். ஆனால் நிபந்தனை போட்டார்.

"பதினஞ்சாயிரம் தர்றேன். என் கண்ணு முன்னாடி அந்தரத்துல நிக்கணும். கீழே ஒரு வட்டம் போடுவேன். அதைவிட்டு நகராம ஒரு நிமிஷம்."

"நீங்களே ஏத்திப் பாத்துக்கங்களேன்."

"என் கையில விழுந்து நொறுங்குனா என் கழுத்தைப் பிடிப்ப. அடுத்தவன் பொருளை நான் ஏத்துறதில்ல தம்பி."

ஒரு மனிதன் தன் கூலியை வாங்க ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். இதை நான் கற்பனை செய்திருந்தால், நம்புகிற மாதிரி எழுது என்று நீங்களே திட்டியிருப்பீர்கள்.

3

பறப்பது சுலபமாம். நிற்பதுதான் கஷ்டமாம். கடைக்காரர் சொன்னார். இடதுகைக் குச்சி அதைத் தூக்கும். பக்கவாட்டில் தள்ளினால் வாலைத் திருப்பும். வலதுகைக் குச்சி சாய்க்கும். நான்கு வேலை, இரண்டு கட்டைவிரல். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் கோபித்துக்கொள்ளும். புதிதாய்ப் பழகுகிறவன் பிரம்புகளைக் குறுக்காகக் கட்டி, நுனிகளில் பிளாஸ்டிக் பந்து மாட்டி, ஹெலிகாப்டரின் காலடியில் வைக்க வேண்டும். சாய்ந்தாலும் குப்புற விழாது. முக்கியமாக, வால் நம் பக்கம் இருக்க வேண்டும். அப்போது அதன் இடது நமக்கும் இடது.

விடுமுறை நாளில் காலி யார்டில் கைகாட்டி ஆரம்பித்தான். இறக்கை சுழன்றதும் தூசியும் வைக்கோலும் கிளம்பின. முழங்கால் உயரம் வந்தது. இடப்பக்கம் சாய்ந்தது. வலது கொடுக்க வேண்டும். அவன் இடது கொடுத்தான். அது வெட்டுக்கிளி மாதிரி இடப்பக்கம் பாய்ந்து தூணில் மோதி இறக்கையைப் பொடியாக்கியது.

மறுபடி. மறுபடியும் சாய்ந்த பக்கமே தள்ளினான். வேண்டாத பக்கத்துக்கே விரல் போனது. புது இறக்கை வாங்கக் கடைக்காரரிடமே போனான். அவர் சிரிக்காமல் காசு வாங்கிக்கொண்டார். அது இன்னும் எரிச்சல்.

(இங்கே என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். "அவன் விடாமுயற்சியோடு—" என்று எழுதிவிட்டு அடித்தேன். விடாமுயற்சியாவது! ரிமோட்டை ஓங்கித் தரையில் அடிக்கப் போனான். நான்தான் கையைப் பிடித்தேன். அன்று அவன் காண்ட்ராக்டரைத் திட்டியதை எழுதினால் இந்தத் தாள் கருகிவிடும்.)

காண்ட்ராக்டர் ஆபீஸ் ஜன்னலைத் திறந்து பார்த்தார். "என்ன பைலட்டு, எப்ப டேக் ஆஃப்?"

அன்றிலிருந்து யார்டு முழுக்க அதே பாட்டுத்தான். "பைலட்டு, ஜன்னல் சீட்டு இருக்கா?" "பைலட்டு, என் மாமியாரை ஏத்திட்டுப் போ, திரும்பக் கூட்டிட்டு வந்துடாத!"

முடிச்சை அவிழ்த்தது அவன் மனைவி. சோறு கொண்டுவந்தவள், தூக்குவாளியைக் கீழே வைக்காமலே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏங்க, லாரி எந்தப் பக்கம் நின்னு உங்களுக்குப் பழக்கம்?"

"எனக்கு எதிர்ல."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் குண்டியைப் பாத்துட்டு நிக்குறீங்க? மூஞ்சியைத் திருப்பி வைங்க."

கடைக்காரர் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். மூக்கு நம்மைப் பார்த்தால் எல்லாம் தலைகீழ். புதியவர்கள் நடுங்குவதே அதற்குத்தான். ஆனால் கைகாட்டி பிழைப்பே தலைகீழ். தன் வலப்பக்கம் கிடக்கும் இடத்தை 'லெஃப்ட்' என்று டிரைவருக்குச் சொல்லிச் சொல்லி விரல் வரைக்கும் ஊறிப்போயிருந்தது. அவன் கற்றுக்கொள்ளாதவன் இல்லை. கற்றது எதிர்ப்பக்கம்.

திருப்பி வைத்தான். தூக்கினான். அது அவன் வலப்பக்கம் நழுவியது. "ரைட்டு குடு, ரைட்டு... போதும், நில்லு" என்று வாய் தானாகச் சொன்னது. விரல் வாய் சொன்னதைக் கேட்டது.

நின்றது.

"ஹெலிகாப்டரோடு சேர்ந்து அவன் மனமும் மேலே—" இல்லை. ஹெலிகாப்டர் மட்டும்தான் எழுந்தது. மனம் பதினெட்டாயிரத்து நானூறிலேயே கிடந்தது. தயவுசெய்து இதை வாழ்க்கையோடு ஒப்பிட்டு என்னிடம் பேச வராதீர்கள். அடுத்த விடுமுறைகளில் பந்துகளைக் கழற்றினான், பிரம்பைக் கழற்றினான். அவ்வளவுதான்.

4

கடைக்காரர் யார்டுக்கே வந்தார். சுண்ணாம்பில் வட்டம் போட்டார். ஹெலிகாப்டரின் மூக்கு கைகாட்டியைப் பார்த்திருந்ததைக் கண்டு, "தம்பி, திருப்பி வெச்சிருக்க" என்றார்.

"இப்படித்தான் நிக்கும்."

நின்றது. பாடி அதிர, வால் லேசாக உதற, வட்டத்துக்கு மேல் மார்பு உயரத்தில் நின்றது. கைகாட்டியின் கட்டைவிரல்கள் அசைந்தது கண்ணுக்கே தெரியவில்லை. கழுத்து நரம்பு மட்டும் தெரிந்தது. "லெஃப்ட்டு... போதும்... போதும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இறக்கினான்.

அப்போதுதான் காண்ட்ராக்டர் வந்தார்.

"அட, பறக்குதே! பையன் நேத்துக்கூடக் கேட்டான். சரி, எட்டாயிரம் தர்றேன், குடுத்துடு."

"எட்டா? இதை முப்பதுன்னு சொல்லித்தானே சார் என் தலையில கட்டுனீங்க?"

"அது புதுசுல. நீ போட்டு உடைச்சு ஓட்டிப் பழகியிருக்க இல்ல? அதுக்குக் கழிச்சுக்க வேணாமா?"

இந்த இடத்தில் என் பேனா தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் எடுத்தேன்.

5

முடிவு ஒன்று. உங்களுக்குப் பிடித்தது: "இங்க குடு, நான் ஓட்டுறேன்" என்று காண்ட்ராக்டர் ரிமோட்டைப் பிடுங்குகிறார். மூக்கு எதிரே இருப்பது தெரியாமல் தப்புப் பக்கம் தள்ளுகிறார். அது பறந்து போய் அவருடைய காரின் முன்கண்ணாடியில்—

எழுதும்போது எனக்கும் இனித்தது. அடித்துவிட்டேன். அவர்களுடைய கண்ணாடி கதையில்தான் உடைகிறது.

முடிவு இரண்டு. நடந்தது: கைகாட்டி ஹெலிகாப்டரைக் கடைக்காரர் கையில் கொடுத்தான். பதினைந்தாயிரத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு காண்ட்ராக்டரிடம், யார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான்:

"இன்னும் மூவாயிரத்து நானூறு நீங்க எனக்குத் தரணும். வேணாம். அதை நான் உங்களுக்குத் தானமாக் குடுத்தேன். பையனுக்கு வேற பொம்மை வாங்கிக் குடுங்க."

யார்டே கைதட்டியது. காண்ட்ராக்டர் முகம் சுண்ணாம்பாகிப் போனது. நான் அன்றே வீட்டுக்கு வந்து எழுதி, கீழே முற்றும் போட்டு, மறுநாள் கைகாட்டி வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கைகாட்டி மீசையைத் தடவிக்கொண்டான்.

அவன் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"அண்ணே, தானம் குடுத்தது யாரு காசு?"

"அது வந்து தங்கச்சி, ஒரு மானம்..."

"மூணு மாசம் ராத்திரி ஓவர்டைம் பாத்தாரு. விடியக்கால வந்து விழுவாரு. காலு வீங்கியிருக்கும், நான்தான் வெந்நீர் ஊத்துனேன். அதுல எனக்குப் பங்கு இல்லையா? என்னைக் கேட்டீங்களா ரெண்டு பேரும்? இவரு பேசுவாராம், நீங்க எழுதுவீங்களாம், ஊரு கை தட்டுமாம். காசு மட்டும் அந்தாளு பையிலேயே இருக்குமாம். இதுல யாருண்ணே செயிச்சது?"

"கையெழுத்துப் போட்டுட்டேனேடி" என்றான் கைகாட்டி.

"நீங்க போட்டீங்க. நான் போடல."

என் கையிலிருந்து தாளை வாங்கி, 'முற்றும்' என்ற சொல்லை ஈரவிரலால் தேய்த்தாள். மை பரவி ஒரு கறுப்புக் கறையாயிற்று. அது இன்னும் அப்படியே இருக்கிறது.

6

அடுத்த நாள் காலை அவள் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நான் மூட்டையோடு நின்றேன். கைகாட்டி ஒரு லாரிக்கு எதிரே நின்றான். கையை உயர்த்தியவன் இறக்கவே இல்லை. டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார்.

உள்ளே என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டாள். "நீங்க எழுதிடுவீங்க" என்றாள். அதனால் அந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். காலி இடம் கீழே:

[                                        ]

எழுதுங்கள். ஆனால் அவளை அழவைக்காதீர்கள். வெளியே வந்தபோது கண் ஈரமாக இல்லை. காண்ட்ராக்டரைத் திருத்தாதீர்கள், அன்று மதியமே இன்னொருவனின் கூலியில் கைவைத்தார். அவள் காலில் விழுந்ததாக எழுதினால் இந்தக் கதையை மூடிவைத்துவிட்டுப் போய்விடுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கதவு திறந்தது. அவள் படியிலேயே நின்று எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணினாள். ஒரு நூறைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். திரும்பி உள்ளே போனாள்.

"இது கிழிஞ்சிருக்கு. வேற குடுங்க."

கொடுத்தார்.